நூறு மில்லி

வெடியால நாலரை.
குழாயில் தண்ணி வருமுன்னே
உனக்குத் தண்ணி ஏற்றியாக வேண்டும்.

கொடிக்கயிற்று ஆணியில் உப்புத்தண்ணிப் பாட்டில்.
சுடுதண்ணிச் சொம்பில் சித்தெ நேரம் நிறுத்தி
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாயிற்று.
தோள்பட்டை நடுவே தோலைப் பிடித்துத் தூக்குகிறேன்.
விட்டாலும் இறங்காமல்
கூடாரம் போட்டு நிற்கிறது.

பத்தொன்பது வருஷம் செக்கிங்கில் நின்றவள் நான்.
நல்ல பனியன் துணி, இழுத்து விட்டால்
ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.
இழுத்த இடத்திலேயே நிற்பதை
யோசிக்காமல் செகண்ட்ஸ் பெட்டியில் போடுவேன்.

மேஸ்திரி,
உன்னை எந்தப் பெட்டியில் போடுவது?

கட்டிங் டேபிளைச் சுற்றிச் சுற்றி
வாலைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வை பார்ப்பாய்.
அப்படி வந்த பேர்.
ஆர்டர் நின்று கம்பெனி மூடிய அன்று
மிஷின்களை எண்ணி லாரியில் ஏற்றினார்கள்.
டியூப்லைட்டைக்கூட எண்ணினார்கள்.
உன்னை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
வேஸ்ட் மூட்டைமேல் படுத்திருந்தாய்,
ஒரு காது பாதி, பல் நாலோ அஞ்சோ.
ராட்டர்டாம் என்று அச்சடித்த அட்டைப்பெட்டியில்
பெரிச்சிபாளையம் வந்து சேர்ந்தாய்.

ஒறம்பரை மாதிரி ரெண்டு நாள் இருப்பாய் என்று நினைத்தேன்.
நீ குடித்துக்கொண்டே இருந்தாய்,
குண்டாவில், பக்கெட்டில், பாத்ரூம் தரையில்.
சாயம் ஓடின நொய்யல் மாதிரி
வாய் நாறியது.

டாக்டர் சுகிர்தா சீட்டைத் திருப்பிக் காட்டினார்.
ஏழு புள்ளி எட்டு.
"குறையுமுங்களா?"
"நிறுத்திப் பிடிக்கலாமுங்க. கொஞ்ச நாளைக்கு."
இன்னொரு ஊசியும் இருக்கிறது என்றார், மெதுவாக.
நான் உன்னைப் பார்க்கவில்லை.
சுவரில் இருந்த நாய்க்குட்டிக் காலண்டரைப் பார்த்தேன்.

பக்கத்து ரூம் பிரசந்த்
நைட் ஷிப்ட் முடித்து வந்து பிடித்துக்கொள்வான்.
கஞ்சாம் ஜில்லாக்காரன்.
பாட்டில் கோட்டைப் பார்த்துப் பத்துப் பத்தாய் எண்ணுவான்.
அவன் பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை:
ஸஹே.
நூறு. அப்படியென்றால் ஊசியை எடு.

போன வாரம் அவன் ஊருக்குப் போய்விட்டான்.
ஒண்டியாய்ப் பிடித்தேன்.
இருக்கிற பல் எல்லாம் என் கட்டைவிரலில்.

பெரியாஸ்பத்திரி.
"வளர்ப்பா, தெருவா?"
பேனாவைத் தூக்கியபடி நர்சம்மா.
பின்னால் வரிசையில் ஒரு பத்துப் பேர்.
கம்பெனியில் கிடந்தது, எட்டு மாசமாய் என் கட்டிலடியில்,
ராத்திரி அது செருமினால் நான் எழுந்து உட்காருவேன்,
இதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டம் இல்லை.
"வளர்ப்புங்க" என்றேன்.
வாய்விட்டுச் சொன்னது அங்கேதான், முதல் தடவை.

"அப்ப பத்து நாள் பாருங்க.
பூனை உசிரோட இருந்தா மீதி ஊசி வேண்டாம்.
செத்துப்போச்சுன்னா வந்து போட்டுக்கணும்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
பைத்தியம் என்று நினைத்திருப்பார்.
நீ இருந்தால் உனக்கு ஊசி.
நீ போனால் எனக்கு.

இன்று எட்டாம் நாள்.
நேற்று ஏற்றின தண்ணி முன்னங்காலுக்கு இறங்கி
ஒரு பக்கம் மட்டும் பயில்வான் மாதிரி இருக்கிறாய்.
பழைய எக்ஸ்போர்ட் டீசர்ட்டில் சுற்றி
மடியில் இறுக்கிக்கொண்டு நானே எண்ணுகிறேன்.
எழுபது. எண்பது.
தொண்ணூறில் தலையைத் திருப்பி
ராத்திரி மிஞ்சின அரிசிம்பருப்புச் சட்டியைப் பார்க்கிறாய்.

நெய் ஆகாது என்றிருக்கிறார் டாக்டர்.
சட்டி ஓரத்திலிருந்து ஒரு துளி,
கட்டுப் போடாத விரலில்.
நக்குகிறாய். அரம் மாதிரி நாக்கு.
இன்னும் இருக்கிறதா என்று
விரலைப் புரட்டியும் பார்க்கிறாய்.

ஸஹே, என்கிறேன்.
வெளியே குழாய் இரைகிறது.
குடத்தை எடுக்க வேண்டும்,
நீ மடியை விட்டு இறங்கினால்.